ஸோல்புக்கிலிருந்து ட்ராலாய் போல் வரை: மிசோ திருச்சபை இளைஞர் அமைப்புகளின் சொல்வரலாறு

திருச்சபைகள் தம் இளைஞர்க்கென வகுக்கும் செயற்பாடுகளைச் சமயவியலாரும் சமூகவியலாரும் ஓரளவு ஆராய்ந்துள்ளனர். மொழிநோக்கில் அவை ஆராயப்பட்டது குறைவே. எனினும் ஒரு சபை தன் இளைஞரை ஒரு மாலைப்பொழுதில் கூட்ட முற்படும்போதே மொழிச் சிக்கலும் உடன் தோன்றிவிடுகிறது. அக்கூட்டத்துக்கு என்ன பெயர்? அங்கே நடைபெறுவது வழிபாடா, விளையாட்டா, வேலையா? அதனை வழிநடத்துபவர் எந்தச் சொல்லால் அழைக்கப்படுவார்? இவ்வினாக்களுக்கான விடைகள் வெளியிலிருந்து பெறப்பட்டனவா, உள்ளிருந்து எழுந்தனவா என்பதைப் பொறுத்தே அச்செயற்பாடுகள் நிலைத்தனவா, வாடினவா என்பதும் பெரும்பாலும் அமைகிறது.

இதனை ஆராய்வதற்கு மிசோ மொழி நல்ல களமாகும். அங்கே எழுத்துமொழியும் திருச்சபையும் ஏறத்தாழ ஒரே வயதுடையவை. லொரெயின், சாவிட்ஜ் ஆகிய இருவரையும் அனுப்பியவர் லீட்ஸ் நகரத்துச் செல்வரான ராபர்ட் ஆர்திங்டன். அவ்விருவரும் 1894ஆம் ஆண்டு சனவரித் திங்களில் லுஷாய் மலைக்கு வந்து சேர்ந்தனர். அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்னரே, 1874இல், லெவின் என்னும் ஆங்கிலேய அதிகாரி அம்மொழிக்கு ஒரு பயிற்சிநூல் வெளியிட்டிருந்தார். ஆயினும் இன்று வழங்கும் மிசோ எழுத்துமுறைக்கு அடிப்படை அமைத்தவர்கள் இவ்விருவரே. ரோமன் எழுத்துகளை ஹண்டர் முறையைத் தழுவி அவர்கள் அமைத்தனர். நான்காண்டுகள் நிறைவதற்குள் அவர்கள் அங்கிருந்து புறப்பட நேர்ந்தது. 1897இல் வேல்சு நாட்டு மிஷனைச் சேர்ந்த டி. இ. ஜோன்ஸ் வந்து பணியை ஏற்றார். லொரெயினின் இலக்கணமும் சொற்பட்டியும் 1898இல் அச்சேறின. முதல் திருமுழுக்கு 1899இல் நிகழ்ந்தது. 1903இல் லொரெயினும் சாவிட்ஜும் பாப்டிஸ்டு மிஷனின் சார்பில் மீண்டும் வந்து தெற்கே லுங்லேயில் தங்கினர். வடக்கே பிரெஸ்பிட்டேரியன், தெற்கே பாப்டிஸ்டு என்ற பகுப்பு அன்று தொட்டது.

வாரநாட்களின் பெயர்களை நோக்கினாலே இவ்வுறவின் ஆழம் விளங்கும். ஞாயிறு பாதியன்னி, அதாவது கடவுள் நாள். திங்கள் வேலை தொடங்கும் நாள் என்றும், வெள்ளி படிப்பு முடியும் நாள் என்றும் பொருள்படும் பெயர்களைக் கொண்டுள்ளன. கோள்களின் பெயரால் நாட்களைக் குறிக்கும் நமக்கு இது வியப்பூட்டும். அங்கே ஏழு நாள் வாரம் என்பதே பள்ளியும் ஆலயமும் கொண்டுவந்த கால ஒழுங்கு. ஆகவே நிகழ்ச்சித் திட்டம் ஒன்று மொழியினுள்ளேயே எழுதப்பட்டுவிட்டது எனலாம்.

ஸோல்புக்கும் அதன் வெற்றிடமும்

மிஷனரிகள் வந்தபோது மிசோ இளைஞர் அமைப்பின்றி இருந்தனர் என்று கருதுவது பிழை. ஒவ்வொரு ஊரின் நடுவிலும், பெரும்பாலும் தலைவனின் வீட்டருகில், ஸோல்புக் எனப்படும் பெரிய மனை இருந்தது. மணமாகாத ஆடவர் அனைவரும் இரவில் அங்கேயே உறங்கினர். பருவமெய்தாத சிறுவர்கள் அம்மனைக்கு நாள்தோறும் விறகு சேர்த்துத் தரக் கடமைப்பட்டவர்கள். வழிப்போக்கர்க்கு அது விடுதியும் ஆகும். தீ, காட்டுவிலங்கு, பகைவர் என எது நேரினும் ஊர் முதலில் எதிர்நோக்குவது அம்மனையைத்தான். அங்கே இளைஞர்களை நெறிப்படுத்தியவர் வால் உபா எனப்பட்டார். வால் என்பது இளைஞனையும், உபா என்பது மூத்தவரையும் குறிக்கும்.

உபா என்னும் சொல்லின் பிற்கால வரலாறு மொழிபெயர்ப்பாளர் கருத்திற்கொள்ளத் தக்கது. பிரெஸ்பிட்டேரியன் சபையாட்சியில் போதகருக்கு அடுத்து நிற்கும் மூப்பருக்கு மிசோ சபை வழங்கிய பெயர் உபா என்பதே. தமிழ்ச் சபைகள் மூப்பர் என்னும் பழஞ்சொல்லை எடுத்தாண்டது போன்றது இது. ஆனால் தமிழில் மூப்பர் என்ற சொல்லுக்கு இளைஞர் மனையோடு எவ்வகைத் தொடர்பும் இல்லை. மிசோவில் அத்தொடர்பு உண்டு. பேச்சில் உபா என்ற ஒலி ஆலய மேடையையும் ஸோல்புக்கின் அடுப்படியையும் ஒருசேர நினைவூட்டக்கூடியது. சாவிட்ஜை மக்கள் சாப் உபா, அதாவது மூத்த துரை, என்றே அழைத்தனர் என்பதும் இங்கு நினைக்கத்தக்கது.

பள்ளிகள் பெருகவும், ஊர்களிடைப் போர்கள் ஓயவும், ஸோல்புக் தன் தேவையை இழக்கத் தொடங்கியது. 1920களில் மலைமாவட்டக் கண்காணிப்பாளராக இருந்த என். இ. பாரி, லுஷாய் வழக்கங்கள் பற்றி 1928இல் நூல் எழுதியவர். இளைஞரிடையே ஒழுங்கு குலைகிறது என்று கருதி ஸோல்புக்கை மீண்டும் நிலைநிறுத்த முயன்றார். அம்முயற்சி நிலைக்கவில்லை. அவருக்குப்பின் வந்த மக்கால் காலத்தில், 1930களின் பிற்பகுதியில், அந்நிறுவனம் முடிவுக்கு வந்தது. அதிகாரியின் ஆணையால் ஒரு மனையைக் கட்டலாம். அதில் உறங்கும் விருப்பத்தை ஆணையால் உண்டாக்க இயலாது. திருச்சபைக்கு எழுந்த கேள்வி வேறுவகையானது. ஸோல்புக் கற்பித்த ஒழுக்கம் அம்மனையோடு மடியுமா, அன்றி வேறொரு கூரையின்கீழ் வாழுமா என்பதே அது.

த்லோம்ஙைனா

அவ்வொழுக்கத்திற்கு மிசோவில் ஒரே சொல்தான் உண்டு: த்லோம்ஙைனா. லொரெயினின் பேரகராதி 1940இல் கல்கத்தா ஆசியக் கழகத்தின் வழியே வெளிவந்தது. அதில் இச்சொல்லின் வினைவடிவத்துக்கு ஒரு சொல்லால் பொருள் தர இயலாமல், பல கூறுகளாகப் பிரித்து நீண்ட விளக்கமே தரப்பட்டுள்ளது. தன்னலம் கருதாமை, பிறர்க்குத் தொல்லையாக இருக்க நாணுதல், இடர்வந்தும் ஏற்ற பணியைக் கைவிடாமை, பிறர் முந்துமுன் தான் முந்தி உதவுதல், நோவையும் களைப்பையும் காட்டிக்கொள்ளாமை ஆகிய அனைத்தும் அதனுள் அடங்கும்.

சொல்லமைப்பு மொழியியலார்க்குப் பழகிய ஒன்றே. மிசோவில் பல வினைகளுக்கு இரண்டு அடிகள் உண்டு. முற்றாக வருமிடத்து ஓரடியும், பெயராக்கத்திலும் சார்புத் தொடர்களிலும் மற்றோரடியும் வரும். ஙை என்னும் வினை னா என்ற பெயராக்க விகுதியை ஏற்கும்போது குரல்வளை அடைப்பொலியுடன் கூடிய தன் இரண்டாம் அடியை எடுத்துக்கொள்கிறது. எழுத்தில் அவ்வொலி ஹகர மெய்யாகக் குறிக்கப்படும். தமிழெழுத்தில் அதனைக் காட்ட வழியில்லாமையால் இக்கட்டுரையில் அது விடப்பட்டுள்ளது. இன்னொரு செய்தியும் உண்டு. தமிழ் நெடுங்கணக்கில் இடம்பெற்றும் சொன்முதலில் அரிதாகவே வரும் ஙகரம், மிசோவில் இயல்பாகச் சொல்லின் முதலில் வருகிறது. தமிழ்க் குழந்தை அரிச்சுவடியில் மட்டும் ஒலித்துப்பார்க்கும் ஙை என்ற எழுத்து, அங்கே ஓர் இனத்தின் அறச்சொல்லுக்கு நடுவே நிற்கிறது.

த்லோம் என்பதற்குத் தோற்றல், தாழ்தல் என்றும், ஙை என்பதற்குக் கருதுதல், மதித்தல் என்றும் பொருள்கொண்டு கூட்டினால் கிடைப்பது முழுப்பொருள் ஆகாது. தமிழில் இதற்கு ஒப்பாகக் கருதத்தக்க சொற்களுள் திருக்குறளின் அதிகாரத் தலைப்பில் அமைந்த ஒப்புரவு முதன்மையானது. ஊர்நடையறிந்து உதவுதல் என்ற கூறு அதில் உண்டு. ஆனால் ஒப்புரவு பெரிதும் உடையவனின் அறம். த்லோம்ஙைனாவோ பொருளில்லாத இளைஞனின் அறம். அவன் தருவது உடலுழைப்பும் உறக்கமும். மொழிபெயர்ப்பில் தியாகம் என்றோ சேவை என்றோ எழுதினால் பிழையாகாது. ஆயினும் தியாகம் மிகையாகவும் சேவை குறைவாகவும் ஒலிக்கும். மூலச்சொல்லை அப்படியே நிறுத்தி, முதன்முறை வருமிடத்தில் விளக்கம் தருவதே தக்க வழியாகத் தோன்றுகிறது.

ஓர் ஊரில் சாவு நேர்ந்தால், இரவென்றும் மழையென்றும் பாராமல் தொலைவிலுள்ள உறவினர்க்குச் செய்தி கொண்டுசெல்வது இளைஞரின் கடனாக இருந்தது. குழி தோண்டுவதும் அவர்களதே. கிறித்தவம் பரவியபின் இக்கடன்கள் ஒழியவில்லை. அவற்றுக்குச் சமயப்பொருள் கூடியது. அண்டை வீட்டாரை நேசித்தல் என்ற கட்டளையைப் புரியவைக்கப் போதகர்க்குக் கிடைத்த சொல்லும் த்லோம்ஙைனாவே. இரண்டும் ஒன்றா என்ற வினா மிசோ இறையியலாரிடையே இன்றும் விவாதத்துக்குரியது. த்லோம்ஙைனாவுக்குப் புகழும் ஊரார் மதிப்பும் தூண்டுதலாக இருந்தன என்பதும், ஊர்விருந்தில் சிறந்த இளைஞனுக்கு முதன்மை தரும் வழக்கம் இருந்தது என்பதும் அவ்விவாதத்தில் எடுத்துக்காட்டப்படுபவை. இவ்வாறு ஐயம் எழுப்பும் வாய்ப்பை ஒரு கடன்சொல் தந்திருக்காது.

ஓய்வை நன்கு பயன்படுத்தல்

1935ஆம் ஆண்டு சூன் 15ஆம் நாள் ஐஸ்வாலில் இளைஞர் லுஷாய் சங்கம் தொடங்கப்பெற்றது. வேல்சு மிஷனரிகளின் ஊக்கமும் மிசோ தலைவர்களின் முயற்சியும் அதில் இணைந்தன. வேல்சில் இருந்த இளைஞர் சங்கம் ஒன்றின் பெயரை முன்மாதிரியாகக் கொண்டு டேவிட் எட்வர்ட்ஸ் என்ற மிஷனரி இப்பெயரை முன்மொழிந்தார் என்பர். ஆங்கிலப் பெயரே நிலைத்தது. 1947இல் லுஷாய் என்பது மிசோ என மாறியதேயன்றி, பெயரின் ஏனைய பகுதி ஆங்கிலமாகவே தொடர்ந்தது. ஒய்.எம்.ஏ. என்ற மூன்றெழுத்து இன்று மிசோ மொழியின் சொல்லாகவே ஆகிவிட்டது.

பெயர் அயலதாயினும் குறிக்கோள்கள் அவ்வாறல்ல. மூன்று குறிக்கோள்களும் தூய மிசோவில் அமைந்தவை. முதலாவது ஹுன் ஓல் ஹ்மன் ட்ராத். ஹுன் என்பது காலம். ஓல் என்பது வெறுமை, வேலையின்மை. ஹ்மன் என்பது பயன்படுத்தல். ட்ராத் என்பது நன்றாக இருத்தல். ஓய்வுக்காலத்தை நன்கு பயன்படுத்தல் என்பது பொருள். இலக்கண நோக்கில் இத்தொடர் அழகானது. ஹ்மாங் என்ற வினை ஹ்மன் என்றும், ட்ரா என்ற வினை ட்ராத் என்றும் இரண்டாம் அடியில் நிற்கின்றன. எழுவாயும் இல்லை, ஏவலும் இல்லை. யார் பயன்படுத்த வேண்டும், யார் கட்டளையிடுகிறார் என்பன சொல்லப்படாமலே குறிக்கோள் நிற்கிறது. தமிழில் தல் விகுதி பெற்ற தொழிற்பெயரால் அதனை ஓரளவு காட்டலாம். பயன்படுத்துக என்று வியங்கோளில் மொழிபெயர்ப்பது மூலத்தில் இல்லாத அதிகாரக் குரலைப் புகுத்திவிடும்.

இரண்டாம் குறிக்கோள் ஸோ மக்களின் முன்னேற்றம் கருதுதல். இதில் வரும் ஹ்மாசோன்னா என்பது முன்பக்கம், நகர்தல் என்னும் இரு கூறுகளால் ஆனது. தமிழின் முன்னேற்றம் என்ற சொல்லோடு உறுப்புக்கு உறுப்பு ஒத்திருக்கிறது. மூன்றாவது கிறித்தவ நல்வாழ்வை உயர்வாக மதித்தல்.

இங்கு ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். ஒய்.எம்.ஏ. திருச்சபையின் உறுப்பு அன்று. எச்சபையினரும் அதில் சேரலாம். குழி தோண்டுதல், துயர வீட்டில் இரவு விழித்திருத்தல், காணாமற்போனவரைக் காட்டில் தேடுதல் முதலான ஸோல்புக்கின் கடன்களைப் பெரிதும் ஏற்றுக்கொண்டது இச்சங்கமே. அவ்வாறாயின் சபை தன் இளைஞர்க்கு எதனை விட்டுவைப்பது? இதற்கு விடையாக 1954இல் பிரெஸ்பிட்டேரியன் சபை கிறிஸ்தியன் ட்ராலாய் போல் என்ற அமைப்பைத் தோற்றுவித்தது. லுஷாய் மலை மாவட்டம் மிசோ மாவட்டம் எனச் சட்டப்படி பெயர் மாறியதும் அவ்வாண்டில்தான்.

இவ்வமைப்பின் பெயர் முழுதும் மிசோ ஒழுங்கில் அமைந்தது. போல் என்பது குழு, கூட்டம். ட்ராலாய் என்பது இளையோர். ஸோல்புக்கில் பெண்களுக்கு இடமில்லை. இளைஞனுக்கு த்லாங்வால் என்றும் இளம்பெண்ணுக்கு நுலா என்றும் தனிச்சொற்கள் உள்ளன. ட்ராலாய் இருபாலாரையும் தழுவும் சொல். ஸோல்புக்கின் மரபை ஏற்பதாகக் கூறிக்கொண்டே சபை அதன் வாயிலைப் பெண்களுக்குத் திறந்தது இச்சொற்றேர்வினால் புலனாகிறது. இதனை மாற்றங்களுள் பெரியது என்று கொள்வதே பொருத்தம். தமிழ்ச் சபைகள் வழங்கிய வாலிபர் சங்கம் என்ற தொடரில் வாலிபர் என்பது பலர்பாலாயினும் ஆண்பாற் சாயலே மேலோங்கி ஒலித்தமையை ஒப்பிட்டு நோக்கலாம்.

தெற்கே பாப்டிஸ்டு சபையின் இளைஞர் அமைப்புக்கு ட்ராலாய் கிறிஸ்தியன் போல் என்று பெயர். சொற்கள் அவையே, முறைமட்டும் மாறியது. இரண்டிலும் தலைச்சொல் இறுதியில் நிற்கிறது. முன்னதில் கிறித்தவ இளையோர் என்பது ஒரு கூட்டாகிக் குழுவைத் தழுவும். பின்னதில் கிறித்தவக் குழு என்பது கூட்டாகி இளையோர்க்கு உரியதாகும். பேசுவோர் இவ்வேறுபாட்டை எண்ணிப் பேசுவதில்லை. கே.டி.பி. என்றால் வடக்கு, டி.கே.பி. என்றால் தெற்கு என்ற அளவில் அது நடைமுறையில் போதுமானதாக இருக்கிறது. மொழிபெயர்ப்பாளர் இரண்டையும் கிறித்தவ இளைஞர் சங்கம் என்று எழுதிவிட்டால், ஒரு நூற்றாண்டு கடந்த சபைப் பகுப்பு ஒன்று வாசகர்க்கு மறைந்துபோகும்.

கூடிப் பாடுதல்

இளைஞர் செயற்பாடுகளுள் மிசோ சபையில் நடுவிடம் பெற்றது பாட்டு. முதல் மிசோ ஞானப்பாட்டுநூல் 1899இல் வெளிவந்தபோது அதில் இருந்தவை பதினெட்டுப் பாடல்களே. அவை பெரிதும் மொழிபெயர்ப்புகள். வேல்சு மிஷனரிகள் தம்மோடு கொண்டுவந்த ஸோல்ஃபா முறை, சுரங்களை எழுத்துகளால் குறிப்பது. ஐந்து கோட்டுக் குறியீடு கற்காத சிற்றூர் இளைஞரும் நான்கு குரல்களில் பாட அது வழிவகுத்தது. எழுத்தறிவும் இசையறிவும் ஒரே எழுத்துகளால் புகட்டப்பட்ட நிலை அது.

ஆனால் மிசோ சுரமொழி. நான்கு சுரங்களை மொழியியலார் வேறுபடுத்துவர். எழுத்துமுறை அவற்றைக் குறிப்பதில்லை. மேலைநாட்டு மெட்டு ஒன்றில் மொழிபெயர்த்த சொற்களை அமைக்கும்போது, மெட்டின் ஏற்ற இறக்கமும் சொல்லின் சுரமும் மோதுவது தவிர்க்க இயலாதது. இச்சிக்கலுக்கு விடைகண்டவர்கள் மிஷனரிகள் அல்லர், மிசோ இளைஞர்களே. காசி மலையின் மைராங்கில் நடைபெற்ற சபைக் கூட்டத்துக்குச் சென்று திரும்பியவர்கள் வழியே 1906இல் தொடங்கிய ஆன்மிக எழுச்சி, 1913இலும் 1919இலும் மீண்டும் எழுந்தது. மூன்றாவது எழுச்சியை ஒட்டியே லெங்கோம் ஸாய் எனப்படும் பாடல்வகை உருப்பெற்றது. பட்டியா, சாய்னூனா, கம்லாலா முதலியோர் அதன் பெயர்பெற்ற பாவலர்கள். மெதுவான ஓட்டம், குறைந்த சுரவீச்சு, மிசோவின் பழம்பாடல்களுக்கே உரிய தனிச் செய்யுட்சொற்கள் ஆகியவை அப்பாடல்களின் இயல்புகள். அன்றாடப் பேச்சில் வழங்காத அச்சொற்களைச் சபைக்குள் கொண்டுவந்ததால், பழைய செய்யுள்வழக்கு அழியாமல் தப்பியது.

குவாங் எனப்படும் பறை நெடுங்காலம் ஆலயத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டிருந்தது. அரிசிக் கள்ளும் பழைய விழாக்களும் அதனோடு பிணைந்திருந்தமையே காரணம். அதனை விலக்கியவர்கள் மிஷனரிகள் மட்டுமல்லர். முதல் தலைமுறைக் கிறித்தவர்களும்தாம். 1919க்குப் பின் அது படிப்படியாக உள்ளே வந்து, இன்று பெரும்பாலான மிசோ ஆலயங்களில் மேடையருகே இடம்பெற்றுள்ளது.

லெங்கோம் என்ற சொல் தனித்து ஆராயத்தக்கது. கோம் என்பது ஒன்றுசேர்தல். ஆலய வழிபாட்டுக்கு இன்கோம் என்று பெயர். இன் என்னும் முன்னொட்டு தன்வினை, பரிமாற்றுவினைப் பொருள் தரும். தம்மைத்தாம் ஒன்றுசேர்த்தல் என்பது அதன் அமைப்புப்பொருள். லெங் என்பதோ உலாப்போதல், பிறர் இல்லம் சென்று அளவளாவுதல். முன்பு மாலைப்பொழுதில் இளைஞர் இளம்பெண்களின் வீடுகளுக்குச் சென்று அடுப்பருகே பேசியிருந்த வழக்கத்தைக் குறிக்கவும் இவ்வடியே பயன்பட்டது. அதே லெங், கோம் என்பதோடு சேர்ந்து ஞானப்பாட்டுக் கூடுகையின் பெயராயிற்று. உள்ளத்தைக் குறிக்கும் லுங் என்பதோடு சேர்ந்து வரும் லுங்லெங் என்பதற்கு ஏக்கம், தனிமையுணர்வு என்று பொருள். லெங்கோம் பாடல்களின் மெய்ப்பாடும் பெரிதும் அதுவே. இன்கோம் ஒழுங்குடையது, அதற்கு நேரமும் நடத்துநரும் உண்டு. லெங்கோம் தொடங்குவதற்கு யாரும் மணியடிக்க வேண்டியதில்லை. எப்போது முடியும் என்றும் சொல்ல இயலாது. சாவு நேர்ந்த வீட்டில், கோஹார் எனப்படும் துயருற்றோர் தனித்திராதபடி இளைஞர் கூடிப் பாடுவதும் லெங்கோமே.

தமிழ்ச் சபைகள் இத்தகைய கூடுகைக்கு ஐக்கியம் என்ற வடசொல்லை வழங்குகின்றன. விவிலியத் தமிழின் வழியே பெற்ற அச்சொல் ஒன்றாதல் என்ற கருத்துநிலையைச் சுட்டுவது. லெங்கோம் சுட்டுவது ஒரு செயலை, அதுவும் கால்நடையாக ஒரு வீட்டுக்குச் செல்வதை. ஆகவே லெங்கோமை ஐக்கியக் கூட்டம் என்று பெயர்க்கும் மொழிபெயர்ப்பு, நடந்துசென்ற இளைஞனை இருக்கையில் அமர்த்திவிடுகிறது.

இவ்வேறுபாடு எவ்வளவு ஆழமானது என்பதை 1966க்குப் பிந்தைய ஆண்டுகள் காட்டின. 1958-59இன் மூங்கிற்பூப்புப் பஞ்சத்தைத் தொடர்ந்து வளர்ந்த மிசோ தேசிய முன்னணியின் எழுச்சி 1966 மார்ச்சு முதல் நாள் வெடித்தது. 1986 சூன் 30இல் உடன்பாடு கையெழுத்தாகும்வரை நீண்ட அக்காலத்தை மிசோ மக்கள் ரம்புவாய் என்பர். கலங்கிய நாடு என்பது பொருள். 1967 முதல் ஊர்கள் கலைக்கப்பட்டுச் சாலையோர முகாம்களில் தொகுக்கப்பட்டன. இரவுகளில் ஊரடங்கு நிலவியது. இருட்டியபின் பிறர் வீட்டுக்குச் செல்லுதல் என்பதையே அடிச்சொல்லாகக் கொண்ட ஒரு கூடுகைக்கு ஊரடங்கைவிடக் கொடிய தடை வேறில்லை. குழுவாகக் கூடும் இளைஞர் இருதரப்பின் ஐயத்துக்கும் ஆளாயினர். அக்காலத்தில் இயற்றப்பட்ட பாடல்கள் ரம்புவாய்ப் பாடல்கள் எனத் தனிவகையாகவே பின்னர் எண்ணப்பட்டன. ஊரை இழந்த ஏக்கத்துக்கு அவற்றுக்கு வேண்டிய சொற்களைத் தந்தது லெங்கோம் மரபே.

பொதுவுழைப்பும் பிற சொற்களும்

ஊரார் அனைவரும் கூடிச் செய்யும் கூலியில்லா வேலை ஹ்னாத்லாங் எனப்படும். வறியவர்க்கு வீடு அமைத்தல், பாதை செப்பனிடல் போன்ற பணிகளை இளைஞர் அமைப்புகள் இப்பெயராலேயே மேற்கொள்கின்றன. நற்செய்திப் பணிக்காகச் சபை முழுதும் ஒருங்கே முனைவதற்கு பேய்ருவல் என்ற சொல் அமைந்தது. பேய் என்பதற்கு முயலுதல், தாக்குதல் என்றும் ருவல் என்பதற்கு ஒருங்கே என்றும் பொருள். ஆங்கிலத்தில் இதற்கு ஈடாகச் சிலுவைப்போரைக் குறிக்கும் சொல்லை ஆள்வதுண்டு. மிசோச் சொல்லில் சிலுவையும் இல்லை, போர்வரலாறும் இல்லை. கூட்டாக முனைதல் மட்டுமே உண்டு. ஆங்கிலவழித் தமிழாக்கம் செய்வோர் இங்கே எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும்.

கடன்சொற்கள் இல்லாமலில்லை. ஞாயிறு பள்ளிக்குரிய ஆங்கிலப் பெயர் மிசோ ஒலிப்புக்கு ஏற்பத் திரிந்து வழங்குகிறது. வேல்சு மரபைப் பின்பற்றி, அங்கே ஞாயிறு பள்ளி சிறார்க்கு மட்டுமன்றி முதியோர்க்கும் உரியது. ஒருவகையில், அயல் நிறுவனங்கள் அயற்பெயரோடும், உள்ளூர் ஒழுக்கத்தின்மேல் எழுந்தவை உள்ளூர்ப் பெயரோடும் வழங்குகின்றன என்று பொதுவாகக் கூறலாம். ஒய்.எம்.ஏ. மட்டும் இதற்கு விலக்காக, அயற்பெயரின்கீழ் முற்றிலும் உள்ளூர்ப் பணியைச் செய்துவருகிறது.

இவ்வரலாற்றுக்கு மறுபக்கமும் உண்டு. மிசோ மொழி ஆலயத்தின் வழியே வலுப்பெற்றபோது, அதனருகே வாழ்ந்த சிறுமொழிகள் அதே ஆலயத்தின் வழியே நெருக்குதலுக்கு உள்ளாயின. ஹ்மார், ப்ரு போன்ற மொழிகளைத் தாய்மொழியாகக் கொண்ட இளைஞர் பலர் மிசோ பாட்டுநூலைக் கொண்டே பாடக் கற்றனர். அவர்களது பழைய செய்யுட்சொற்களுக்கு லெங்கோம் போன்ற புகலிடம் எளிதில் வாய்க்கவில்லை. தென்கோடியில் மட்டும் நிலை வேறாக அமைந்தது. லொரெயினின் தம்பி ரெஜினால்டு லொரெயின் 1907இல் மாரா மக்களிடையே தனி மிஷன் ஒன்றைத் தொடங்கி, அவர்கள் மொழிக்குத் தனி எழுத்துமுறை அமைத்தார். அங்குள்ள இளைஞர் சங்கத்தின் பெயரில் ட்ராலாயும் இல்லை, போலும் இல்லை. மாரா த்யுத்லியா பி என்று அவர்கள் தம் மொழியிலேயே அதனை அழைக்கின்றனர்.